இரண்டு பக்கமும் பேசியவரின் மகள்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. ஒரு மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில், பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் விட்டுவிட்டுப் போனது.

சுவரில் உயரமாக ஒரு தொலைக்காட்சி. சத்தத்தை அணைத்துவைத்திருந்தார்கள். கறுப்பு வெள்ளையில் ஏதோ பழைய கூட்டம். மேடையில் ஒருவர் கையை உயர்த்தி, விரித்து, மடக்கிப் பேசிக்கொண்டிருந்தார். சத்தமில்லாததால் தண்ணீருக்குள் நின்று பேசுகிறவர்போல இருந்தார். கூடத்தில் இருந்த எல்லாரும் பாதித் தூக்கத்தில் அண்ணாந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது அந்தப் பெண், யாரிடமும் சொல்லாததுபோல, "இப்ப சொல்றது மட்டும் நெஜம்" என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எங்கப்பா" என்றாள். அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டாள். நான் என் முறை முடிந்து வெளியே வந்தபோது அவளும் இல்லை, திரையில் அவரும் இல்லை. யாரோ காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். அவர் யார், என்ன சொன்னார், அது எப்படி நிஜமாயிற்று, எதுவும் தெரியாது. ஆனால் அந்த "மட்டும்" என்னை விடவில்லை. அப்படியானால் மற்றதெல்லாம் என்ன? இனி வருவதெல்லாம் நானாகச் சேர்த்தது. அவள் படித்தால் மன்னிக்க வேண்டும். அல்லது திருத்த வேண்டும்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"அவர் பேச ஆரம்பித்தால் மரத்தில் இருக்கும் பறவைகூட —"

வேண்டாம். எல்லாத் தலைவர்களுக்கும் இந்தப் பறவை ஒருமுறை வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறது.

"தூக்குத் தண்டனை வேண்டாமென்று பேசிப் பெயர் வாங்கி, வேண்டுமென்று பேசிப் பதவி வாங்கிய ஒருவர் இப்போது பேச்சிழந்து —"

இது செய்தித்தாள். மடித்து வைத்துவிடலாம்.

"பல் டாக்டர் அன்று காலை முதல் ஆளுக்குப் பல் பிடுங்கிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, தூக்குத் தண்டனையை ஒழிக்கும் மசோதா அவைக்கு வருகிறதென்று தொலைபேசி வந்தது."

இதில் ஒரு ஈரக் கை இருக்கிறது. இதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

3

பல் டாக்டரின் அப்பாவை ஊரில் "வெண்கலம்" என்பார்கள். அப்படியொரு குரல். பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. முப்பது வருஷத்துக்கு மேல் மேடையிலேயே வாழ்ந்தவர், ஒரு நாள் மேடைப் படியில் கால் வைத்த நிலையிலேயே சரிந்தார். பக்கவாதம். உயிர் தப்பியது, குரலும்கூடத் தப்பியது. சொற்கள்தான் போய்விட்டன. ஒரே ஒரு சொல் மிச்சம்: சரி.

பசிக்கிறதா என்றால் சரி. பசிக்கவில்லையா என்றாலும் சரி. கோபம் வந்தால் அதே சொல்லை ஓங்கி அடிப்பார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாகவும் சொல்லுவார், யாரோ வெளியே நின்று எதையோ விளக்கிக்கொண்டிருப்பதுபோல.

(இந்த ஒற்றைச் சொல்லை முதலில் "இல்லை" என்று வைத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் மறுப்புச் சொல்லும் கிழவராகிவிட்டார். கொஞ்சம் கம்பீரமும் வந்துவிட்டது. அவருக்கு அந்தக் கம்பீரத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.)

அவர் தொகுதியில் மகளை நிறுத்தினார்கள். அவள் மாட்டேன் என்றாள். கட்சிக்காரர்கள் வாசலை விட்டுப் போகவில்லை. பிரசாரத்தில் அவள் வாயே திறக்கவில்லை. வண்டியில் நின்று கும்பிட்டாள். மேலே கட்டியிருந்த ஒலிபெருக்கியில் அப்பாவின் பழைய பேச்சுகள் ஓடின. ஜனங்கள் அவளைப் பார்த்துக்கொண்டு அவரைக் கேட்டார்கள். ஜெயித்தாள். அவை நடக்கும் நாட்களில் அங்கே போவாள். மற்ற நாட்களில் வழக்கம்போல வெள்ளைக் கோட்டு, கையுறை, அடுத்தவர் வாய்.

இப்போது இந்த மசோதா. கட்சி கைகழுவிவிட்டது, அவரவர் மனசாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று மாலைக்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் கூப்பிட்டார்கள். மசோதா வேண்டுமென்றவர், அப்பா இளம்வயதில் ஒரு கல்லூரி அரங்கில் பேசியதை அவளுக்கே வாசித்துக் காட்டினார்:

"ஒரு மனிதனைக் கொல்லத் தேதி குறித்து, அந்தத் தேதிவரை அவனுக்குக் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்கிற அரசாங்கம் எனக்கு வேண்டாம்."

வேண்டாமென்றவர் இன்னொன்றை வாசித்தார். ஒரு சின்னப் பெண்ணை ஒருவன் கொன்றான். ஊரே கொதித்தது. அப்போது அப்பா மைதானத்தில் பேசியது:

"என் மகளுக்கும் அதே வயது. நாளைக் காலை அவள் தலையைப் பின்னும்போது என் கை நடுங்காமலிருக்க, எனக்கு ஒரு கயிறு வேண்டும்."

அந்தப் பேச்சுக்குப் பிறகு அவர் மந்திரியானார். அந்தக் கொலைகாரனைத் தூக்கில் போட்டார்கள்.

இரண்டு பேருமே முடிக்கும்போது ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: அப்பா இருந்திருந்தால் இப்படித்தான் ஓட்டுப் போட்டிருப்பார். அப்பா பக்கத்து அறையில்தான் இருந்தார். அதை அவள் அவர்களிடம் சொல்லவில்லை.

* பின்னல் விஷயம்: அவர் ஒரு நாள்கூட அவளுக்குத் தலை பின்னியதில்லை. அவளுக்குச் சின்ன வயதில் கிராப்பு. இதை எழுதிவிட்டு வெகுநேரம் யோசித்தேன். பின்னல் பொய் என்றால் நடுக்கமும் பொய்யா? தலை பின்னாத அப்பாவின் கை நடுங்காதா? பேச்சில் ஒரு பொய்யைக் கண்டுபிடித்துவிட்டால் பேசியவரையே பிடித்துவிட்டோம் என்று நினைக்கிறோம். பிடிபட்டது அவர் சட்டை மட்டுமாகவும் இருக்கலாம்.

4

அவளுக்கு உண்மையிலேயே தெரிந்தாக வேண்டியிருந்தது. அப்பாவின் நாற்காலியில் அப்பாவின் குரலால் வந்து உட்கார்ந்தவள். அவர் நம்பியதற்கு எதிராகக் கை தூக்கிவிடுவோமோ என்று பயந்தாள். இன்னொரு பக்கம், சிறையில் தேதிக்காகக் காத்திருப்பவர்கள் இருந்தார்கள். அவர்கள் யாரையும் அவள் பார்த்ததில்லை. ஆனாலும், யாருக்காவது ஊசி போட்டுவிட்டு வாய் மரத்துப்போகக் காத்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர்கள் நினைவு வந்து நின்றது.

வானொலி நிலையத்துக்குப் போனாள். பழைய ஒலிநாடாக்களைப் பார்த்துக்கொள்ள அங்கே ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரை நாடாக்காரர் என்பார்கள். ஜன்னலே இல்லாத அறை, சுவரெல்லாம் கம்பளம்போல ஏதோ ஒட்டியிருந்தது. பேசினால் சொல் வாயை விட்டுப் போகாமல் உதட்டிலேயே நின்றது.

(நாடாக்காரருக்குக் கொஞ்சம் ஞானம் கொடுக்கலாம் என்றுதான் அழைத்துவந்தேன். எவ்வளவு கொடுத்தும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. தன் சித்தாந்தத்தைத்தான் சொல்லுவேன் என்றார்.)

அவருடைய சித்தாந்தம் இது: மனுஷன் நிஜத்தைச் சொல்வதற்கு முன்னால் மூச்சை நன்றாக இழுப்பான். பொய்க்கு மூச்சு தேவையில்லை, அது தானாக ஓடும். இத்தனை வருஷம் கேட்டதில் கண்டுபிடித்ததாகச் சொன்னார். அவளுக்கு ஒரு காதுக்கருவியை மாட்டிவிட்டு, தானும் ஒன்றை மாட்டிக்கொண்டு இரண்டு பேச்சையும் ஓட்டினார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முதலில் இரைச்சல், மெல்லிய மழைபோல. அதற்குள்ளிருந்து அப்பா வந்தார். அவளைவிடச் சின்னவராக இருந்தார். அந்தக் குரல் காதில் விழவில்லை, தலைக்குள் நடந்தது. அவள் பிறப்பதற்கு முன்னால் ஓர் அரங்கில் இருமியவர்கள் இப்போதும் இருமினார்கள். கயிறு வேண்டாமென்று அவர் சொல்லச் சொல்ல, அவர் இப்படித்தான், இவரேதான் என்று நினைத்தாள். பிறகு மைதானம். கயிறு வேண்டுமென்று அவர் சொல்லச் சொல்ல, அதேபோல, இவரேதான் என்று நினைத்தாள். இரண்டு குரலுக்கும் நடுவே ஒரு மயிரிழை வித்தியாசம்கூட அகப்படவில்லை.

மைதானப் பேச்சின் ஆரம்பத்தில் நாடாக்காரர் விரலை உயர்த்தினார். நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. அதற்குப் பிறகு: "மேடைக்கு வருமுன் அந்தத் தாய் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்." அவ்வளவுதான். கூட்டம் அலறியது. அந்த அலறல் அடங்கியபோது அவர் கயிற்றுக்கு வந்திருந்தார்.

"பாத்தீங்களா, இது சத்தியம்" என்றார் நாடாக்காரர்.

அவள் நாடாவை இன்னும் ஓடவிடச் சொன்னாள். பேச்சின் கடைசியில் இதைவிட நீளமான மூச்சு ஒன்று வந்தது. அதற்குப் பிறகு அவர், மேடை போட்டுக் கொடுத்த நண்பர்களுக்கு நன்றி சொன்னார். நாடாக்காரர் காதுக்கருவியைக் கழற்றித் துடைத்தார். உங்கப்பாவுக்கு அப்போ சளி பிடிச்சிருக்கும் என்றார்.

5

அம்மாவிடம் கேட்பதைக் கடைசிவரை தள்ளிப்போட்டாள். அம்மா கணக்கு டீச்சராக இருந்தவர். எதைக் கேட்டாலும் நீயே போட்டுப் பார் என்பார். ஒரு மதியம் இரண்டு பேரும் உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். படுக்கை விரிப்பின் இரண்டு முனை அவளிடம், இரண்டு முனை அம்மாவிடம். உள்ளே அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். விரிப்பு காற்றை வாங்கி உப்பி, மெதுவாகத் தணிந்தது.

அப்பா எதை நம்பினார் என்று கேட்டாள்.

அம்மா சிரித்தார். "உங்கப்பா குளிக்கப் போனா ரெண்டு கட்சியும் உள்ள போகும்" என்றார்.

எந்தப் பேச்சாக இருந்தாலும் குளியலறையில்தான் பேசிப் பார்ப்பாராம். முதலில் எதிர்ப்பக்கத்துக்காகப் பேசுவாராம். அதில் தன்னையே தோற்கடித்துவிட்டால், வெளியே வந்து துண்டோடு உட்கார்ந்து தன் பேச்சை மாற்றி எழுதுவாராம். கதவுக்கு வெளியே கேட்கிறவர்களுக்கு, உள்ளே இரண்டு பேர் ஒரே தண்ணீரில் குளித்துச் சண்டை போடுவதுபோல இருக்குமாம்.

"அப்ப எதைத்தாம்மா நம்பினார்?"

"தண்ணி நின்னப்போ எது வாயில இருந்துச்சோ, அதை."

விரிப்பை நீளவாக்கில் மடித்தார்கள். அம்மா கிட்டே வந்து அவள் கையிலிருந்த முனைகளை வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார்.

"ஒரே ஒரு நாள் சத்தம் வரல. அவனைத் தூக்குல போட்ட அன்னைக்கி. தண்ணி விழுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. ரொம்ப நேரம். நான் கதவைத் தட்டிப் பாத்தேன்."

"ஏம்மா? என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. வெளிய வந்து தலை துவட்டிட்டு ஆஃபீஸ் போயிட்டார். அதுக்கு என்ன அர்த்தம்னு என்னைக் கேக்காத. தொண்டை கட்டியிருக்கலாம். முந்தின நாள் பெரிய கூட்டம்."

6

கதையை இங்கேயே முடித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. அழகாக முடியும். ஒரு மனிதனின் பேச்சையெல்லாம் தேடிப்போன மகளுக்கு அவருடைய ஒரு மௌனம் கிடைத்தது, தண்ணீர் விழுந்துகொண்டிருக்கிறது, முற்றும்.

எழுதியும் பார்த்தேன். எழுதிவிட்டு, அதே ஆசையில் இன்னொரு காட்சியும் எழுதினேன்: மைதானத்தில் கூட்டம் வருமுன் ஒலிபெருக்கியைச் சோதிக்க அவரை ஏதாவது பேசச் சொல்கிறார்கள், ஆளில்லாத மைதானத்தில் அவர் தன் மனதில் இருப்பதைச் சொல்கிறார், அது நாடாவில் தற்செயலாகப் பதிவாகி, இத்தனை வருஷம் யாரும் கேட்காமல் —

கிழித்துவிட்டேன். அப்படிப்பட்ட நாடாக்கள் கதை எழுதுகிறவர்களுக்கு மட்டுமே கிடைக்கின்றன. அவளுக்குக் கிடைக்காதது எனக்கு மட்டும் ஏன் கிடைக்க வேண்டும்? அதோடு, ஆளில்லாத இடத்தில் சொல்வதுதான் உண்மை என்று யார் சொன்னது? தனியாக இருக்கும்போது நான் பாடுகிறேன். அதனால் நான் பாடகனாகிவிடவில்லை.

மௌனத்தை உண்மையின் பக்கம் எழுதி வைக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அவளுக்கும் இருந்தது. அம்மா சொன்னதைக் கேட்ட மறுநாளே மசோதாவுக்கு ஆதரவாக வாக்களிப்பதென்று முடிவு செய்துவிட்டாள். அப்பா உள்ளுக்குள் வருந்தினார், எனவே அவரும் இந்தப் பக்கம்தான். கணக்கு டீச்சரின் மகள், விடையைத் தெரிந்துகொண்டு வழியைப் போட்டாள்.

அப்போதுதான் தையல்காரம்மா பல்வலியோடு வந்தார்.

7

தையல்காரம்மா கொல்லப்பட்ட பெண்ணின் அம்மா.

அவரை நான் வேண்டுமென்று கூட்டிவரவில்லை. அந்த ஊரில் அவருக்குப் பல் வலித்தால் வேறு எங்கே போவார்? வலது கடைவாய்ப் பல்லில் ஓட்டை; வேர்வரை போயிருந்தது. டாக்டர் பெயரைப் பார்த்துத்தான் நாற்காலியில் ஏறினாரா, தெரியாமல் ஏறினாரா என்று நான் யோசித்திருக்கிறேன். டாக்டருக்கு வாயைப் பார்த்தவுடன் ஆளைத் தெரியவில்லை. ஊசி போட்டுவிட்டுச் சீட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

வாய் மரக்க வேண்டும். இரண்டு பேரும் காத்திருந்தார்கள். நாற்காலி பின்னால் சாய்ந்திருந்தது. மேலே வட்ட விளக்கு அணைந்திருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே தெரு, சத்தமில்லாமல் இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தது. தையல்காரம்மா தன் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், அது வேறு யாருடைய கன்னமோ என்பதுபோல. அவர் விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் குத்தித் தடித்திருந்தது. அந்த விரல்களுக்கும் ஏற்கெனவே பாதி உணர்வு இருந்திருக்காது.

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் டாக்டர் கேட்டாள். அப்பா அன்றைக்குப் பேசியது அவருக்கு ஆறுதலாக இருந்ததா என்று.

தையல்காரம்மாவுக்கு ஒரு பக்க உதடு வேலை செய்யவில்லை. மற்ற பக்கத்தால் சொன்னார்.

"மேடை ஏறுறதுக்கு முன்னாடி உங்கப்பா என்கிட்ட வந்தார். நல்லா குனிஞ்சு, என்னம்மா வேணும் உங்களுக்குன்னு கேட்டார். எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லுங்கன்னேன்."

டாக்டர் கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தாள்.

"வாசல்லயிருந்து மைதானம் வரைக்கும் ஜனம். எனக்குப் படுக்கணும் போல இருந்துச்சு. ஆகட்டும்மான்னுட்டு மேல போனார். மைக்கைப் பிடிச்சு, அந்தத் தாய் என்கிட்ட ஒன்னே ஒன்னு கேட்டாள்னு ஆரம்பிச்சார். சொல்லப்போறார்னுதான் நெனச்சேன். எல்லாரும் கத்தினாங்க. அப்புறம் அவர் வேற பேசினார்."

அந்த வாக்கியத்துக்கு முன் அப்பா இழுத்த மூச்சு டாக்டருக்குக் கேட்டது. அந்த ஒரு வாக்கியம் வரைக்கும் அவர் சொல்லத்தான் நினைத்திருந்தாரா? முகங்களைப் பார்த்துத்தான் மாறினாரா? அல்லது படி ஏறும்போதே, அந்த வேண்டுகோள் எவ்வளவு நல்ல ஆரம்பம் என்று கண்டுபிடித்துவிட்டாரா?

அந்த ஆளைத் தூக்கில் போட்டது அவருக்கு வேண்டியிருந்ததா, இல்லையா என்று கேட்டாள்.

"வேணும்னு நெனச்ச நாளும் உண்டு. வேண்டாம்னு நெனச்ச நாளும் உண்டு. ஒரே துணி தைச்சு முடிக்கிறதுக்குள்ள ரெண்டும் வந்துட்டுப் போகும்" என்றார் தையல்காரம்மா. பிறகு மெதுவாக, கோபமே இல்லாமல், "இப்ப எப்படி ஓட்டுப் போடறதுன்னு என்கிட்ட கேக்காதீங்க டாக்டர். என்ன வேணும்னு உங்கப்பாவும் கேட்டார்" என்றார்.

டாக்டர் விளக்கைப் போட்டாள். வாயைத் திறக்கச் சொன்னாள். அதற்குப் பிறகு கருவியின் ரீங்காரம் மட்டும்.

* இந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். எழுதியவன் என்ற முறையில் எனக்கு ஒரு சங்கடம்: நானும் அந்தத் தாயிடம் குனிந்து என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு, என் மேடைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

8

அன்று சாயங்காலம் அவள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருக்கு முகச்சவரம் செய்துவிடுவது அவள் வேலை. ஒரு பக்கக் கன்னம் தொங்கும். விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு மழிக்க வேண்டும். நுரைக்குள்ளிருந்து முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தது.

அந்த அம்மா அன்றைக்கு என்ன கேட்டாங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா என்று கேட்டாள்.

"சரி" என்றார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். இடது கண்ணில் நீர் வழிந்தது. ஆனால் அந்தக் கண்ணில் எப்போதுமே நீர் வழியும். அதற்கு அர்த்தமில்லை என்று நரம்பு டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அவள் அதைத் துண்டால் ஒற்றிவிட்டு மறுகன்னத்துக்குப் போனாள்.

அவளுக்கு அவர்மேல் கோபம் வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கோபப்படவைத்து ஒரு பத்தி எழுதினேன். அவள் அந்தப் பத்தியில் நிற்கவேயில்லை. நாடியைத் தூக்கிப் பிடித்து, கழுத்துக்குக் கீழே கவனமாக மழித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தொண்டை அவள் விரலடியில் விழுங்கியது.

எழுந்தபோது முடிவு மாறியிருக்கவில்லை, மசோதாவை ஆதரிப்பதாகவே இருந்தது. ஆனால் அப்பாவை அதிலிருந்து வெளியே அனுப்பிவிட்டாள். அவர் நம்பியதைக் கண்டுபிடிக்க முடியாது. அவர் பேச்சுகள் எல்லாம் அவரைப் பற்றிச் சொன்னதைவிட, அவர் முன்னால் நின்றவர்களைப் பற்றித்தான் அதிகம் சொல்லின. இது அவளுடைய ஓட்டு, அவளுடைய சந்தேகம். இரண்டையும் சேர்த்தே அவையில் சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டாள். சின்னதாக ஓர் உரை தயார் செய்தாள்: என் தந்தை இரண்டு பக்கமும் பேசியிருக்கிறார். நான் அவருக்காக வாக்களிக்கவில்லை. எனக்கு முழு நிச்சயமும் இல்லை. நிச்சயமில்லாதபோது உயிரை எடுக்கக் கூடாது என்பதால் ஆதரிக்கிறேன்.

நல்ல உரை. எனக்குப் பிடித்திருந்தது. அவள் பேசியிருக்க வேண்டியது இதுதான்.

9

அவை நடந்த அன்று பார்வையாளர் மாடத்தில் தையல்காரம்மாவை உட்காரவைத்துப் பார்த்தேன். எழுந்து போய்விட்டார். அவருக்குத் தைக்க வேண்டியது இருந்தது.

அவை உயரமான கூடம். மேலே வட்டமாகக் கண்ணாடி. வெளிச்சம் அங்கிருந்து பால்போல இறங்கி, பாதி வழியிலேயே களைத்துவிடும். மதியத்துக்குப் பிறகு பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் பேர் வந்தபோது எழுந்தாள். எழுதிக்கொண்டுவந்ததை வாசிக்க ஆரம்பித்தாள்.

"என் தந்தை இரண்டு பக்கமும் பேசியிருக்கிறார்" என்றாள். தூங்கியவர்கள் விழித்தார்கள். அவள் குரலில் ஏதோ இருந்தது; அவளுக்கே அது புதிது. வண்டியில் வாயைத் திறக்காமல் நின்றவளுக்குள் வெண்கலம் இருந்திருக்கிறது. முகங்கள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்பின. வெயிலைப் பார்த்துத் திரும்பும் செடிகள்போல என்று எழுத நினைத்தேன். இல்லை, பசித்த முகங்கள்போலத் திரும்பின. அவை எதையோ கேட்டன. எதை என்று அவளுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. கையிலிருந்த தாளில் அது இல்லை.

அவள் தாளை மேசைமேல் வைத்தாள்.

"அந்தத் தாயைப் போன வாரம் சந்தித்தேன். அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்" என்றாள்.

கூடத்தில் ஓர் இருமல்கூட இல்லை. அந்த அமைதி அவ்வளவு இனிப்பாக இருந்தது. சின்ன வயதில் யாரோ தூக்கி மேலே எறிந்து, பிடிப்பதற்கு முந்தின கணம்போல. அவள் அதில் மிதந்தாள். பிறகு சொன்னாள்:

"இன்னொரு கயிறு வேண்டாம் என்று கேட்டார்."

மேசைகளைத் தட்டினார்கள். எதிர்வரிசையில் ஒரு முதியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தனக்கு இதில் துளியும் சந்தேகமில்லை என்றும் அவள் சொன்னாள். என் தந்தைக்கும் இறுதியில் இருக்கவில்லை என்றாள். எல்லாம் தடையில்லாமல் வந்தது. உட்கார்ந்த பிறகுதான் மூச்சு வாங்கியது.

மசோதா நிறைவேறியது, மிகச் சொற்ப வித்தியாசத்தில். வெளியே நடைக்கூடத்தில் அந்த முதியவர் அவளை நிறுத்தினார். எதிர்த்துப் போடத்தான் வந்தேன், அந்த அம்மா கேட்டதாக நீங்கள் சொன்ன வார்த்தைதான் என்னை மாற்றியது என்றார். இன்னும் மூன்று நான்கு பேர் அப்படித்தான் என்றார். அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சிறையில் காத்திருந்தவர்களுக்கு அன்று மாலையே செய்தி போயிருக்கும். அவர்களில் ஒருவரையாவது இங்கே கொண்டுவர ஆசைப்பட்டேன். அவர்கள் உட்கார்ந்திருக்கும் அறை எனக்குத் தெரியாது. பொய்யாக எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன். (இத்தனைக்குப் பிறகு இந்த நேர்மை எனக்கே சிரிப்பாக இருக்கிறது.)

10

அவையில் பேசியதையெல்லாம் சுருக்கெழுத்தில் எடுத்து, தட்டச்சு செய்து, மறுநாள் பேசியவரிடமே கொடுப்பார்கள். கேட்டதில் பிழை இருந்தால் திருத்தலாம். அதற்குப் பிறகு அது அச்சாகி நூலகத்துக்குப் போய்விடும்.

அவளிடம் ஒரு குமாஸ்தா கொண்டுவந்தார். காலை நேரம், அவளுக்கு ஒதுக்கியிருந்த சின்ன அறையில் வெயில் மேசையின் பாதிவரை வந்திருந்தது. படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், நான் காத்திருக்கிறேன் என்றார். கூச்சத்தோடு இன்னொன்றும் சொன்னார்: "உங்கப்பா எதையும் படிக்கவே மாட்டார் மேடம். வாங்கினதும் கையெழுத்துப் போட்டுடுவார்." சிலர் ஒரு வரி இரண்டு வரி அடித்து நீக்குவதுண்டு, யாரும் கேட்க மாட்டார்கள் என்றும் சொல்லிவைத்தார்.

அவள் படித்தாள். தாளில் அவள் பேச்சு யாரோ தெரியாதவர் பேசியதுபோல இருந்தது. பேசிய ஆளுக்கு நல்ல திடம், சந்தேகமே இல்லாதவர். அந்த வாக்கியம் பக்கத்தின் நடுவில் இருந்தது. சுத்தமாகத் தட்டச்சு செய்திருந்தார்கள். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.

பென்சிலை எடுத்தாள்.

நான் அந்த வரியை அடித்தும் எழுதிப் பார்த்தேன். அடித்தால் அச்சில் அது இருக்காது. ஆனால் கேட்டவர்கள் கேட்டுவிட்டார்கள், ஓட்டு விழுந்துவிட்டது. தன் பொய்யைத் தானே ஒளித்தவள் ஆகிறாள். அடிக்காமலும் எழுதிப் பார்த்தேன். வருஷங்கள் கழித்து யாரோ ஒரு பிள்ளை அந்தப் புத்தகத்தைப் பிரித்து, இவள் உண்மையில் எதை நம்பினாள் என்று அந்த வரியில் விரல் வைத்துத் தேடுகிறது. ஓரத்தில் "இப்படி அவர் கேட்கவில்லை" என்று அவளையே எழுதவைத்தும் பார்த்தேன். அதுதான் சரி என்று ஒரு காலை முழுக்க நம்பினேன். பிறகு அந்த முதியவர் அதைப் படித்தார், செய்தித்தாள்கள் படித்தன, தையல்காரம்மாவின் வாசலில் மறுபடியும் ஜனம் வந்து நின்றது.

இதற்கு மேல் என்னிடம் இல்லை. எனக்கு அவள்மேல் பிரியம் வந்துவிட்டது. நான் எதை எழுதினாலும் அது வக்கீல் பேச்சாகத்தான் இருக்கும்.

நீங்கள் அந்த அறைக்குள் வந்திருக்கிறீர்கள். வெயில் தாளைத் தொட்டுவிட்டது. அவள் உங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை, ஆனால் நாற்காலியை இன்னொருவர் உட்காரும் அளவுக்குத் தள்ளிப் போட்டிருக்கிறாள். வாசலில் குமாஸ்தா ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நிற்கிறார். பென்சில் நன்றாகச் சீவியிருக்கிறது. நீங்கள் அடித்தாலும் சரி, கையெழுத்துப் போட்டாலும் சரி, ஓரத்தில் எழுதினாலும் சரி, பென்சிலை அவளிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். அவள் விரல் வலிக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருக்கிறாள்.